வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவே கலிபோர்னியா

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு ஹாம், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் நண்பர் வைத்திருக்கும் அமெச்சூர் வானொலிக் கணினியைத் தன் வீட்டுச் சாதாரண இணைய இணைப்பிலிருந்து திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இடையில் காலி வீதியும் கோட்டையும்தான். ஆனால் அவர் அனுப்பும் தரவுப்பொதி கடலடிக் கேபிளில் ஏறி அமெரிக்காவின் சான் டியாகோ வரை போகிறது. அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நுழைவாயில், உறைக்குள் உறையாக அதை இன்னொரு பொதிக்குள் இட்டு வெள்ளவத்தைக்கு அனுப்புகிறது. இந்த ஏற்பாட்டுக்கு டனல் என்று பெயர். பதிலும் அதே டனலில் திரும்ப வேண்டும். கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தத் திரும்பும் பாதையில்தான் இருக்கின்றன.

வெள்ளவத்தைக் கணினியின் ஐபி முகவரி 44 என்று தொடங்குவதால்தான் இந்தச் சுற்று. அத்தகைய முகவரிகளை 1981இல் வானொலிவழிக் கணினித் தொடர்புக்கென்று கேட்டுப் பெற்றவர் ஹாங்க் மக்னஸ்கி என்ற அமெரிக்க ஹாம். மொத்தம் 16 மில்லியனுக்கும் மேல். அதில் கால் பங்கை 2019இல் அமேசன் நிறுவனம் 100 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. மீதி இன்றும் ஹாம்களுக்கே. தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் உரிமமும் 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியும் உள்ள கொழும்புக்காரரும் விண்ணப்பிக்கலாம். இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சரி, டனல் வேலை செய்யவில்லை. எங்கே தொடங்குவது? வீட்டு ரவுட்டரில். டனல் பொதியின் நெறிமுறை எண் 4. டிசிபிக்கு 6, யூடிபிக்கு 17 என்பதுபோல இதுவும் தனி நெறிமுறை. இதற்குப் போர்ட் கிடையாது. பலர் இதை ‘போர்ட் 4’ என்று நினைத்து ரவுட்டரில் திறந்துவிட்டுக் காத்திருப்பார்கள். எதுவும் வராது. வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கணினிக்கு அனுப்பும் டிஎம்இசட்டில் அந்தக் கணினியை வைத்தால் சில ரவுட்டர்கள் விடும், சில விடா. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் இன்னும் சிக்கல்: ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன, வெளியிலிருந்து வரும் டனல் பொதி உங்கள் வாசலுக்கே வராது. நிலையான பொது முகவரி வாங்க வேண்டும். அல்லது வீட்டிலிருந்தே இணைப்பைத் தொடங்கும் வயர்கார்ட் போன்ற டனலுக்கு மாற வேண்டும்.

அடுத்தது, வந்துபோகும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவி. இதை இரண்டு இடத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் மொத்த வித்தையும். வெளி இடைமுகத்தில் நெறிமுறை 4 தெரியவில்லையா, தவறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. அங்கே தெரிந்து டனல் இடைமுகத்தில் தெரியாவிட்டால் கணினியின் ஃபயர்வோலைப் பாருங்கள். இரண்டிலும் தெரிந்தும் பதில் போகவில்லையென்றால் லினக்ஸின் ஆர்பி-ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். பொதி வந்த வழியும் பதில் போகக்கூடிய வழியும் பொருந்தாவிட்டால் அது பொதியைச் சத்தமின்றி எறிந்துவிடும்.

பதில் புறப்பட்டும் போய்ச் சேராதிருப்பதுதான் ஆளை அலைக்கழிக்கும். 44 முகவரியிலிருந்து கிளம்பும் பதில், டனலை விட்டுச் சாதாரண இயல்புநிலைப் பாதையில் வெளியே போகும். இணையச் சேவை வழங்குநர், ‘இந்த முகவரி என் வாடிக்கையாளருடையதல்லவே’ என்று அதைத் தடுத்துவிடுவார். போலி முகவரித் தாக்குதலைத் தடுக்கும் நியாயமான ஏற்பாடு அது. அவரைக் குறை சொல்ல முடியாது. 44இல் தொடங்கும் மூலமுகவரிகளுக்கென்று தனி ரவுட்டிங் அட்டவணை எழுதுவதே தீர்வு.

பிங் ஓடுகிறது, சிறிய பக்கம் திறக்கிறது, பெரிய பக்கம் பாதியில் நிற்கிறது என்றால் காரணம் 20 பைட்டு. வெளி உறையின் தலைப்பு அவ்வளவு இடம் பிடிப்பதால் 1500க்குப் பதில் 1480தான் உள்ளே கொள்ளும். டனலின் எம்டியூவை, அதாவது ஒரு பொதியின் உச்ச அளவை, குறைத்தால் தீரும்.

இவ்வளவும் கற்க வேண்டியவைதான். ஆனாலும் டனலை மட்டும் நம்பக் கூடாது என்பேன். 2004 டிசம்பர் சுனாமியில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் அம்பாந்தோட்டையைக் கொழும்பில் பிரதமரின் அவசர நிலையத்தோடு சிற்றலையில் இணைத்தார்கள். டனலோ இணையத்தின் மேல் ஓடுவது. இணையம் விழுந்தால் அதுவும் விழும்.

அதனால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மொட்டைமாடிகளுக்கு இடையே நேரடி வானொலி இணைப்பும் வேண்டும். நடுவில் கொள்ளுப்பிட்டி, கோட்டைக் கட்டடங்கள் மறைப்பதால் 5 கிகாஹேர்ட்ஸ் அலை நேரே போகாது. மூன்றாவது மொட்டைமாடி ஒன்றில் இடைநிலையம் தேவைப்படும். ரவுட்டிங்கில் அந்தப் பாதைக்குக் குறைந்த மெட்ரிக் கொடுத்து முதலாவதாகவும், டனலை இரண்டாவதாகவும் வைக்கலாம். பிறகு ஒரு ஞாயிறு காலை வெள்ளவத்தையில் இணைய ஃபைபர் கேபிளைக் கழற்றிவிட்டு, கொட்டாஞ்சேனை பதில் தருகிறதா என்று பிங் செய்து பார்க்க வேண்டும்.