கடல் கடந்து பெற்ற மாராயம்

சென்ற தவணையிற் பண்டித வகுப்பு மாணவர்க்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்று எடுத்த பகுதி வஞ்சித்திணை. மண்ணசையால் ஒரு வேந்தன் மற்றொரு வேந்தனுடைய நாட்டின்மேற் படையெடுத்துச் செல்லுதல் வஞ்சி என்பதும், அதற்குத் துறை பதின்மூன்று என்பதும் புறத்திணையியல் படித்தோர் அறிந்தவையே. அத்துறைகளுள் ஒன்று, மாராயம் பெற்ற வீரன் தன் பெருமையை எடுத்துரைக்கும் நெடுமொழி. மாராயமாவது வேந்தன் அளிக்கும் சிறப்பு. ஏனாதி, காவிதி முதலிய பட்டங்களையும், நாடும் ஊரும் பெறுதலையும் அச்சிறப்பாகக் கொள்வர் நச்சினார்க்கினியர். இவ்வளவுங் கூறி அடுத்த துறைக்குச் செல்ல ஏட்டைத் திருப்பினேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, போன இடத்திலே கிடைத்த பட்டம் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் இருக்குமோ?"

நல்ல வினா. உரையாசிரியர் எவரும் இவ்வினாவை எழுப்பி விடை கூறிற்றிலர். நாளைக்குச் சொல்கிறேன் என்று, ஆசிரியர்களுக்கே உரிய உபாயத்தால் அப்பொழுது தப்பிக்கொண்டேன். அன்று மாலை வீடு செல்லும் வழியில், எப்பொழுதோ படித்த உரோமாபுரிப் படைவீரன் ஒருவனுடைய வரலாறு நினைவுக்கு வந்தது. அவ்வினா அவன் வாழ்வில் மெய்யாகவே எழுந்ததொன்று.

அவ்வரலாற்றைக் கூறுபவர் லிவி. அவர் உரோமின் சரித்திரத்தை 142 புத்தகங்களாக எழுதினார். இன்று எஞ்சியிருப்பவை 35. எஞ்சியவற்றுள் நாற்பத்திரண்டாம் புத்தகத்தில் இச்செய்தி இருக்கிறது. யான் இலத்தீன் அறியேன். ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே படித்தேன்.

கி. மு. 171ஆம் ஆண்டு. மக்கெதோனிய அரசனாகிய பெர்சியுஸ் என்பான்மேற் படைசெலுத்த உரோமர் துணிந்துவிட்டனர். அவ்வாண்டின் கொன்சல் இருவருள் ஒருவரான பூப்லியுஸ் லிசீனியுஸ் கிராஸுஸ் படைக்கு ஆள் திரட்டுகிறார். ஈண்டு ஒன்றை விளக்குதல் வேண்டும். அக்காலத்து உரோமருக்கு நிலைப்படை இல்லை. போர் வந்தபொழுது குடிமக்களைத் திரட்டி லெஜியன் என்னும் பெரும்படைகளை வகுப்பர். போர் முடிந்ததும் கலைத்துவிடுவர். உழவன் மீண்டும் உழவனாவான். லெஜியன் ஒன்றுக்கு நூற்றுவர் தலைவர் அறுபதின்மர். (பெயர்தான் நூற்றுவர் தலைவர், அவர் ஒவ்வொருவர் கீழும் நின்றவர் பெரும்பாலும் அறுபதின்மரே. பெயருக்கும் பொருளுக்கும் இத்தகைய பிணக்கு எம்மொழியிலும் உண்டு.) இத்தலைமைகளைப் படை திரட்டும்போதெல்லாம் புதிதாகவே வழங்குவர். ஆகவே பதவி என்பது படையோடு பிறந்து படையோடு இறப்பது. கடலுக்கப்பால் ஒருவன் எத்துணை உயர்ந்தாலும், படை கலைந்த அன்றே அவ்வுயர்வும் கலைந்தது. அடுத்த போரில் அவனை எங்கே நிறுத்துவது என்பது அடுத்த தலைவர்களின் விருப்பம்.

கிராஸுஸ் ஆள் திரட்டியபொழுது இந்த ஏற்பாட்டின் முள் வெளிப்பட்டது. முன்னைய போர்களில் நூற்றுவர் தலைவருள் முதல்வராக இருந்த 23 பேர், தம்மைக் கீழான பதவிகளில் நிறுத்துகிறார்களென்று பொதுமக்கள் சார்பாளரிடம் முறையிட்டனர். ஈராண்டுக்கு முன் கொன்சலாயிருந்த மார்க்குஸ் பொப்பீலியுஸ் அவர்களுக்காகப் பேசினார். இவர்கள் படைக்கு வர மறுக்கவில்லை. வயதாலும் உழைப்பாலும் உடல் தேய்ந்தும் வருகிறார்கள். முன் இருந்த நிலையிற் குறைத்து வைக்காதீர்கள் என்பதே வேண்டுகோள் என்றார். கொன்சலோ மூதவையின் தீர்மானத்தை வாசிக்கச் செய்தார்: பழைய நூற்றுவர் தலைவர்களை இயன்றவரை சேர்க்கவேண்டும்; ஐம்பது வயதைக் கடவாத எவருக்கும் விலக்களிக்கலாகாது.

அந்த 23 பேரின் மனக்குறையை அற்பமென்று தள்ள என்னால் இயலவில்லை. யானும் ஒருகால் தொலை மாவட்டத்துப் பாடசாலையொன்றிற் பதில் அதிபராக மூன்றாண்டு கடமை பார்த்தேன். இடமாற்றம் பெற்று ஊர்ப்பக்கம் வந்தபொழுது, புதிய பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் என் பெயர் கடைசி வரியில் இருந்தது. சம்பளத்திற் குறைவில்லை, மரியாதையிலும் ஒருவரும் குறை வைத்ததில்லை. ஆயினும் முதல் நாட் காலையில் அந்த வரியிற் கையொப்பமிடக் கை சற்றே தயங்கிற்று. வரிக்கே இப்படியென்றால், வாளேந்தி நின்றவர்களின் நெஞ்சைச் சொல்லவேண்டுமா?

முறையிட்டவர்களுள் ஒருவர் அப்பொழுது எழுந்து, கொன்சலிடம் பேச அனுமதி கேட்டார். பெயர் ஸ்பூரியுஸ் லிகுஸ்தீனுஸ். சபீனர் என்னும் மலைநாட்டுக் குடியிற் பிறந்தவர். தந்தை தமக்கு விட்டுச்சென்றது ஒரு யூகரம் நிலமும் ஒரு சிறு குடிலும் என்றும், அக்குடிலிலேயே தாம் பிறந்து வளர்ந்து இன்றும் வாழ்வதாகவும் அவர் தொடங்குகிறார். யூகரம் என்பது யாழ்ப்பாணக் கணக்கில் ஏறத்தாழப் பத்துப் பரப்பு. தந்தை அவருக்கு மணம் முடித்துவைத்தது தம் உடன்பிறந்தானின் மகளை. (எம்மவர்க்குத் தங்கை முறை, அவர்களுக்கு அது குற்றமன்று.) அவள் கொண்டுவந்த சீதனம் நற்குடிப் பிறப்பும் கற்பும் மட்டுமே. மக்கள் எண்மர், புதல்வியர் இருவர் மணமாகிவிட்டனர், புதல்வர் அறுவருள் நால்வர் வயது வந்தவர்கள்.

இதன் பின்னரே படைக்கதை. கி. மு. 200இற் சாதாரண வீரராக அதிரியாத்திக் கடலைக் கடந்து மக்கெதோனியாவுக்குச் சென்றார். மக்கள் விரும்பிய போரன்று அது. ஹனிபலோடு பொருது களைத்திருந்த உரோம மக்கள் முதல் வாக்கெடுப்பில் அதனை மறுத்தேவிட்டனர். மறுமுறையே இணங்கினர். அடுத்த ஆண்டில், தங்களை விருப்பமின்றிக் கப்பலேற்றிவிட்டார்களென்று இரண்டாயிரம் வீரர் அங்கே கலகஞ் செய்தனர். அத்தகைய படையில் லிகுஸ்தீனுஸ் ஈராண்டு அடிநிலை வீரராகவே இருந்தார். மூன்றாம் ஆண்டிற் புதுத் தலைவராக வந்த பிளமினீனுஸ், அவருடைய ஆண்மையைக் கண்டு நூற்றுவர் தலைவராக்கினார்.

எந்த இடம் என்பதைக் கவனிக்கவேண்டும். லெஜியன் போரில் மூன்று வரிசையாக நிற்கும். இளையர் முன்னும், நடுவயதினர் இடையும், மூத்தோர் பின்னுமாக நிற்பர். வரிசைதோறும் பிரிவு பத்து. பிரிவுதோறும் தலைவர் இருவர். பிளமினீனுஸ் அவருக்கு அளித்தது முன்வரிசையின் பத்தாம் பிரிவு, அதாவது ஏணியின் அடிப்படி. அப்போர் முடிந்தது, படை கலைந்தது, அடிப்படியும் போயிற்று. உடனே தாமாகவே விரும்பிக் கேட்டோவின் கீழ் ஸ்பெயின் சென்றார். கேட்டோ கண்டிப்பானவர், எளிதில் எவரையும் மெச்சார். அவர் லிகுஸ்தீனுஸை முன்வரிசையின் முதற் பிரிவிலே வைத்தார். பின்னர் அந்தியோக்குஸ் அரசனோடு நடந்த போருக்கு மூன்றாம் முறையாகத் தாமே முன்வந்தார். அங்கே அசீலியுஸ் அவரை இடைவரிசையின் முதற் பிரிவுக்கு உயர்த்தினார். பின்னும் ஸ்பெயினுக்கு இருமுறை சென்றார்; ஒருமுறை புல்வியுஸ் பிளாக்குஸ் கீழும், மறுமுறை கிராக்குஸ் கீழும். சில ஆண்டுகளுக்குள் நான்கு முறை, பின்வரிசையின் முதற் பிரிவாகிய உச்சியில் நின்றார். அறுபதின்மருக்கும் முதல்வராகிய அப்பதவியைப் பிரீமுஸ் பீலுஸ் என்பர். படைத் தலைவர்களிடம் பரிசு பெற்றது 34 முறை. போரில் ஒரு குடிமகனின் உயிரைக் காத்தவனுக்கு அணிவிக்கும் ஓக் இலை முடிகள் ஆறு. படையிற் கழித்த ஆண்டுகள் 22. வயதோ ஐம்பதைக் கடந்துவிட்டது. சட்டப்படி அவருக்கு விலக்கு உண்டு. தமக்குப் பதிலாக நான்கு புதல்வரைத் தரக்கூடியவன் தாம் என்பதையும் சொல்லிக்கொள்கிறார்.

இது நெடுமொழியன்றி வேறென்ன? நன்னூலார் புலவனுக்குத் தற்புகழ்ச்சி தகும் இடங்களை வகுத்தார். தன் ஆற்றலை உணராதார் அவை அவற்றுள் ஒன்று. வீரனுக்கோ தொல்காப்பியர் ஒரு துறையே வகுத்துவிட்டார். ஆனால் லிகுஸ்தீனுஸின் நெடுமொழி முடியும் இடம் வேறு. படைக்குத் தகுதியுள்ளவன் என்று என்னைச் சேர்ப்பவர் கருதுமளவும் நான் விலக்குக் கேளேன். எந்தப் பதவிக்கு நான் தகுதி என்பதை நிறுப்பது படை நடத்துவோர் கடன். ஆண்மையில் என்னை எவரும் விஞ்சாமற் பார்த்துக்கொள்வது என் கடன் என்றார். பின் தோழர்களை நோக்கி, நீங்களும் கொன்சலுக்கும் மூதவைக்கும் அமையுங்கள். நாட்டைக் காக்க நிற்கும் எந்த இடத்தையும் மதிப்புள்ளதாகவே கொள்ளுங்கள் என்று சொல்லி அமர்ந்தார். கொன்சல் அவரைப் பலவாறு புகழ்ந்து மூதவைக்கு அழைத்துச் சென்றார். அங்கும் நன்றி கூறப்பட்டது. முதல் லெஜியனின் பிரீமுஸ் பீலுஸ் பதவி அவருக்கே வழங்கப்பட்டது. ஏனையோர் முறையீட்டைக் கைவிட்டனர்.

இதனை அப்படியே விழுங்கிவிடலாமா? முதலாவது, லிவி இந்நிகழ்ச்சிக்கு நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பின் எழுதியவர். வரலாற்று மாந்தர் வாயில் ஏற்ற உரைகளை அமைத்து வைப்பது அக்கால வரலாற்றாசிரியர் வழக்கம். இரண்டாவது, காலக்கணக்கு இடர்ப்படுகிறது. பிளமினீனுஸின் படை இத்தாலி மீண்டது கி. மு. 194இல், கேட்டோ கொன்சலாகி ஸ்பெயினுக்குச் சென்றது 195இல். முன்னதிலிருந்து விடுபட்டுப் பின்னதற்குச் சென்றேன் என்பவர், மற்றையோர்க்கு முன்னரே ஊர் திரும்பியிருத்தல் வேண்டும். மூன்றாவது, அவ்வுரை ஆள்வோருக்கு மிகவும் வசதியான உரை. ஆயினும் அந்தப் பத்துப் பரப்பையும் குடிலையும் தந்தையின் உடன்பிறந்தான் மகளையும் வெறுங் கற்பனையென்று கொள்ள என் மனம் ஒருப்படவில்லை. ஆள்வோருக்கு வசதியான பொய்யைப் புனைபவன் இவ்வளவு வறுமையை அதனுள் வைக்கமாட்டான்.

அவ்வறுமையே என்னை அங்கே நிறுத்துகிறது. அவ்வாண்டிற் பலர் தாமாகவே முன்வந்து படையிற் சேர்ந்தனர் என்கிறார் லிவி. காரணம், முன்னைய மக்கெதோனியப் போருக்கும் ஆசியாவுக்கும் போனவர்கள் செல்வராய் மீண்டதை அவர்கள் கண்டிருந்தார்கள். லிகுஸ்தீனுஸோ கிழக்கும் மேற்குமாக அத்தனை போர்களைக் கண்டும் அதே குடிலில் வாழ்கிறார். நூற்றுவர் தலைவனுக்குச் சாதாரண வீரனைப்போல் இருமடங்கு கூலி என்று பொலிபியுஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதுகிறார். துணிந்து பாய்பவனை அன்று, நிலைபெயராது நின்று நடத்துபவனையே உரோமர் அப்பதவிக்குத் தேடினர் என்பதும் அவர் கூற்று. லிகுஸ்தீனுஸ் அத்தகையவர் போலும். ஆனால் நச்சினார்க்கினியர் கூறிய நாடும் ஊரும் அவருக்குக் கிடைக்கவில்லை. இலை முடிகள் உலர்ந்தன. பதவிகள் படைகளோடு கலைந்தன. ஊருக்கு அவர் கொண்டுவர முடிந்தது அந்த நெடுமொழி ஒன்றையே. அதனையும் கேட்க ஓர் அவை வாய்க்க இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

அந்த 23 பேரும் பதவியைத் தம் உடைமை என்று கருதினர். லிகுஸ்தீனுஸ் அதனைப் பிறர் கையிலுள்ளது என்று விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தவருக்கே அது வந்தது. விட்டுக்கொடுக்கத் தூண்டப்பட்ட ஏனையோருக்கு என்ன வந்தது என்பதை லிவி எழுதவில்லை. இவ்விடத்தில் யான் கொன்சலோடு உடன்படேன். ஒருவரைத் தக்க இடத்தில் வைத்து மற்றையோரை வாயடைத்தல் பழைய உபாயம். தம் தோழரின் முறையீடு தம் சொல்லாற் கரைந்ததை எண்ணி அன்றிரவு அவர் உறங்கினாரோ என்றுகூட நினைத்ததுண்டு.

அவ்வாண்டே கிராஸுஸின் குதிரைப்படை தெசாலியில், கல்லினிக்குஸ் என்னுமிடத்திற் பெர்சியுஸிடம் தோற்றது. உரோமர் இறுதியாக வென்றது கி. மு. 168இற் பிட்னாப் போரிலேதான். இவற்றுள் எங்கும் லிகுஸ்தீனுஸின் பெயரை லிவி மறுபடி எடுக்கவில்லை. ஆனால் வேறொரு பெயர் திரும்பி வருகிறது. ஸ்பெயினில் அவரை நடத்திய கிராக்குஸின் மகன் திபேரியுஸ், கி. மு. 133இற் பொதுமக்கள் சார்பாளராகி, பொதுநிலத்தில் ஒருவர் 500 யூகரத்துக்குமேல் வைத்திருக்கலாகாது, மிகுதியை நிலமற்ற குடிகளுக்குப் பங்கிடவேண்டுமென்று சட்டங் கொண்டுவந்தார். அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டார்.

மறுநாள் வகுப்பில் இவ்வளவையும் சொன்னேன். வினாவுக்கு விடை கிடைத்ததா என்று அம்மாணவியைக் கேட்டேன். அவள் கொப்பியின் ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆறு பொடியளுக்கும் பத்துப் பரப்பைப் பிரித்தால், ஆளுக்கு இரண்டு பரப்பும் தேறாது, ஐயா" என்றாள்.

மணி அடித்தது. அடுத்த துறையை நாளைக்கு வைத்துக்கொண்டோம்.