உங்களுக்குத் தெரியுமா? ஒரே நாணயத்தில் இரண்டு அரசர்கள்!

மெக்சிகோவில் அச்சான ஸ்பானிய எட்டு ரியால் வெள்ளி நாணயத்தில் நெடுங்காலம் அரசர் முகம் இருந்ததில்லை. இரு தூண்கள், நடுவே கடலலைகளின் மேல் இரண்டு பூகோளங்கள், அவ்வளவுதான். 1772 முதல்தான் ரோமப் பேரரசரைப் போல இலைமாலை சூடிய மூன்றாம் கார்லோஸின் உருவம் அதில் ஏறியது. அவருக்குப் பின் நான்காம் கார்லோஸ்.

1797இல் பிரான்ஸுடன் நடந்த போரால் பிரிட்டனில் காசுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இங்கிலாந்து வங்கி தன் கையிருப்பில் இருந்த ஸ்பானிய நாணயங்களையே புழக்கத்தில் விட்டது. வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி செலுத்தியதைக் காட்டக் குத்தும் சின்னஞ்சிறு நீள்வட்ட முத்திரையை எடுத்து, ஸ்பெயின் அரசரின் கழுத்திலேயே குத்தினார்கள். அந்த முத்திரைக்குள் இருந்தது பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தலை! மதிப்பு 4 ஷில்லிங் 9 பென்ஸ். சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஆனால் அவ்வளவு சிறிய முத்திரையைப் போலியாகச் செய்வது எளிதாகிவிட்டது.

1804இல் எண்கோண முத்திரை வந்தது. அதுவும் போலிகளைத் தடுக்கவில்லை. அதே ஆண்டு பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் நீராவி இயந்திரங்கள் நாணயம் முழுவதையும் 5 ஷில்லிங் காசாக மறு அச்சிட்டன. அவற்றில் சிலவற்றைச் சாய்த்துப் பார்த்தால், ஜார்ஜின் உருவத்துக்கு அடியில் பழைய ஸ்பானிய எழுத்துகளின் தடம் இன்றும் தெரியும்.