கணக்கைக் காக்கும் காவற்படை

வரி என்பது பணக்காரரும் வியாபாரிகளும் கொடுப்பது, எமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எம்மிற் பலர் எண்ணுகிறோம். ஆனால் கடையில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும்போதே நாமும் வரி செலுத்துகிறோம். அது விலைக்குள் அடங்கியிருக்கிறது. ஏழை தன் பங்கை இப்படித் தவறாமற் கொடுக்க, வசதியுள்ளவர் தம் பங்கை மறைத்தால், ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் குளக்கட்டுக்கும் சேரவேண்டிய பணம் குறைகிறது. ஆகவே வரி ஏய்ப்பும் ஒரு களவுதான். இக்களவைப் பிடிக்கவென்றே ஒரு நாடு தனிப் படை வைத்திருக்கிறது.

இத்தாலியில் 'குவார்தியா தி பினான்ஸா' என்று அதனை அழைப்பர். நிதிக் காவற்படை என்பது பொருள். 1774 ஆம் ஆண்டில், அன்றைய சார்டீனிய இராச்சியத்தின் எல்லையையும் சுங்கத்தையும் காக்க இது தொடங்கப்பட்டது. இன்று நிதி அமைச்சின் கீழ் ஏறத்தாழ 60,000 பேர் இதிற் பணிபுரிகின்றனர். கப்பல்களும் விமானங்களும் இவர்களிடம் உண்டு. ஆயினும் இவர்களின் பெரும்பாலான வேலை கணக்குப் புத்தகங்களோடுதான். வரி ஏய்ப்பு, கடத்தல், கள்ள நோட்டு, விவசாய மானியத்தைப் பொய் சொல்லிப் பெறுதல் ஆகியவற்றை விசாரிக்கின்றனர். பொதுமக்கள் 117 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் முறையிடலாம். சுங்கச் சாவடியில் வரி தண்டிய புனித மத்தேயுவே இப்படையின் பாதுகாவலர்.

இவர்கள் சிறு கடதாசியையும் அலட்சியம் செய்வதில்லை. கடைக்காரர் பற்றுச்சீட்டு வழங்குவதை 1983 ஆம் ஆண்டுச் சட்டமொன்று கட்டாயமாக்கியது. பற்றுச்சீட்டு இல்லாமற் கடையை விட்டு வெளியேறிய வாடிக்கையாளருக்கும் 2003 வரை தண்டம் விதிக்க இடமிருந்தது. சீட்டு இல்லையேல் விற்பனை கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாவிட்டால் வரியும் அரசுக்குப் போய்ச் சேராது.

பெரிய மோசடி ஒன்றையும் பார்ப்போம். பார்மலாட் என்பது பார்மா நகருக்கு அருகே 1961 இல் தொடங்கிய பாற் கம்பனி. தன் கிளையொன்றின் பெயரில் அமெரிக்க வங்கியொன்றில் 395 கோடி யூரோ இருப்பதாக அது ஒரு கடிதம் காட்டியது. கணக்காய்வாளரும் அதனை நம்பினர். 2003 டிசெம்பரில், அக்கடிதம் போலியானது என்று அந்த வங்கியே அறிவித்தது. நிதிக் காவற்படையினர் அலுவலகங்களைச் சோதனையிட்டு ஆவணங்களைக் கைப்பற்றினர். கடன் ஏறத்தாழ 1,400 கோடி யூரோ எனத் தெரியவந்தது. சேமிப்பை முதலிட்ட ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் நட்டமடைந்தனர். பால் கொடுத்த விவசாயிகளுக்கும் பணம் நிலுவையில் நின்றது. கம்பனியின் நிறுவுநருக்கு 2010 இல் பார்மா நீதிமன்றம் 18 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் மறைத்து வைத்திருந்த விலையுயர்ந்த ஓவியங்களை அதற்கு முந்திய ஆண்டே இப்படையினர் கண்டெடுத்திருந்தனர்.

காவலருக்கும் காவல் வேண்டும் என்பதையும் இத்தாலி கற்றது. 1970களில், குறைந்த வரியுடைய வீட்டுச் சூடேற்றும் எண்ணெயை வாகன எரிபொருளாக விற்று அரசை ஏமாற்றினர். அதற்குத் துணைபோனதாக இப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவரே பின்னர் தண்டிக்கப்பட்டார். அதை வெளிக்கொணர்ந்தவர்கள் நீதவான்கள்.

இடம்பெயர்ந்து வாழும் எமக்கு இதில் என்ன பாடம்? கையில் மிஞ்சிய சிறு சேமிப்பையும் நட்டஈட்டுப் பணத்தையும் குறிவைத்து, கூடிய வட்டி தருவோம் என்று வருவோர் உண்டு. அவர்கள் காட்டும் கடிதத்தைக் கண்டு நம்பிவிடாமல், அதை வழங்கியதாகச் சொல்லப்படும் இடத்திலேயே நேரிற் கேட்போம். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என விசாரிப்போம். நெல் விற்றாலும் பால் கொடுத்தாலும் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவோம். எமது சங்கங்களிலும் கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்கச் செய்வோம். கணக்குக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. அது எமது உழைப்புக்கு நாமே போடும் வேலி.