குறட்டை விட்டால் நல்ல தூக்கமா?

2023 பொங்கல் விழாவில், பட்டிமன்ற நடுவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குறட்டை எழுந்து ஒலிபெருக்கியோடு போட்டி போட்டதைச் சில அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குச் சொந்தக்காரன் அடியேன்தான். "ஒருவராவது நிம்மதியாக இருக்கிறாரே" என்று நடுவர் சமாளித்தார். அரங்கமே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பியதும் காரணத்தைச் சொன்னாள். "ஏங்க, தூக்கத்துல நடுநடுவே உங்களுக்கு மூச்சே நின்னுபோகுது. நான் பக்கத்துல உட்கார்ந்து எண்ணிக்கிட்டே இருப்பேன். முப்பது வரைக்கும் எண்ணியும் மூச்சு வரலைன்னா தோளைப் பிடிச்சு உலுக்குவேன். ரெண்டு வருஷமா இப்படித்தான்."

இரண்டு வருடம்! எனக்கு ஒன்றுமே தெரியாது. பத்து மணிக்குப் படுத்தால் ஆறு மணிக்கு எழுகிறேன், குறட்டை வேறு விடுகிறேன், இதைவிட நல்ல தூக்கம் ஏது என்றுதான் இருந்தேன். ஆனால் காலையில் தலை கனக்கும், நாக்கு வறண்டிருக்கும். பேப்பரில் இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் கண் சொருகும். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்காக எழுவேன். சர்க்கரையோ, வயதானவர்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கமோ என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஸ்கூட்டரில் போகும்போது சிவப்பு விளக்கில் காலை ஊன்றியபடியே தூங்கிவிட்டேன். பச்சை விழுந்ததைப் பின்னால் இருந்த லாரிக்காரர்தான் ஹாரன் அடித்துச் சொன்னார். ரயில் பெட்டிகளின் பிரேக்கைப் பார்த்துப் பார்த்தே முடி நரைத்தவனுக்கு இது வெட்கக்கேடு.

டாக்டர் முதலில் எடை பார்த்தார். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. 1983-ல் ரயில்வேயில் சேர்ந்தபோது 61 கிலோ. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வைத்து, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் வரும் எண்ணுக்கு பி.எம்.ஐ. என்று பெயர். நம் நாட்டவருக்கு இது 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல்பருமன். எனக்கு 33. பிறகு டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தார். ஆண்களுக்கு 17 அங்குலம், பெண்களுக்கு 16 அங்குலத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டுமாம். என் சட்டைகளில் கழுத்துப் பொத்தான் மாட்டாததற்குத் தையல்காரரை நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஒரு கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். மார்பில் பட்டை, விரலில் கிளிப், மூக்கடியில் மெல்லிய குழாய். இப்படியே ஓர் இரவு தூங்க வேண்டும். மறுநாள் முடிவு வந்தது. மணிக்கு 41 முறை மூச்சு நின்றோ தேய்ந்தோ போயிருக்கிறது. பத்து விநாடிக்குக் குறைந்தவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. ஏழு மணி நேரத்துக்கு 287 தடவை! மணிக்கு 5 வரை பரவாயில்லை; 30-க்கு மேல் போனால் தீவிரம். 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய ரத்த ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 74-க்கு இறங்கியிருந்தது. 'ஸ்லீப் ஆப்னியா' என்றார்கள். தூக்க மூச்சடைப்பு என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

எடைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர் விளக்கியபோது எனக்கு எங்கள் பழைய வாக்குவம் பிரேக் நினைவுக்கு வந்தது. பெட்டிக்குப் பெட்டி இணைக்கும் அந்த ரப்பர்க் குழாயின் சுவருக்குள் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். அது இல்லாவிட்டால், உள்ளே காற்றை உறிஞ்சும்போது குழாய் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். நம் தொண்டையும் அப்படிப்பட்ட மெத்தென்ற குழாய்தான். நாக்குக்குப் பின்னால் வரும் அந்தப் பகுதியில் எலும்பு வளையம் கிடையாது. தசைகள்தாம் அதை விரித்துப் பிடிக்கின்றன. விழித்திருக்கும்போது அவை வேலை செய்யும், தூங்கினால் தளரும். ஒல்லியானவருக்கு அப்போதும் வழி மிச்சமிருக்கும். குண்டானவருக்கோ தொண்டைச் சுவரைச் சுற்றிலும் கொழுப்பு. நாக்கிலேயே கொழுப்பு சேர்வதை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தொந்தி பெருப்பது தெரியும், நாக்கு பெருப்பது எனக்குப் புதுச் செய்தி!

தொந்தியும் சும்மா இருப்பதில்லை. மல்லாந்து படுத்தால் அது உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, நுரையீரல் சுருங்குகிறது. விரிந்த நுரையீரல் மூச்சுக்குழலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். அந்த இழுப்பு குறைந்தால் தொண்டை இன்னும் தொளதொளக்கும். பாதி அடைத்தால் குறட்டை, முழுதும் அடைத்தால் நிசப்தம். வீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது சத்தத்துக்கு அல்ல, அந்த நிசப்தத்துக்குத்தான்.

ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அபாயச் சங்கிலியை இழுக்கிறது. ஒரு சில விநாடி விழிப்பு, ஒரு பெரிய மூச்சு, மறுபடி தூக்கம். காலையில் இது எதுவும் நினைவிருக்காது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் எகிறுகிறது. அடைத்த தொண்டை வழியே இழுக்கும் இழுப்பில் இதயத்தின் மேலறை விரிந்து, சிறுநீரைப் பெருக்கும் ஒரு ஹார்மோனை விடுகிறது. என் நள்ளிரவு நடைகளின் ரகசியம் இதுதான். மூன்று நிமிடத்துக்கு இரண்டு முறை சிவப்பு விழும் லைனில் எக்ஸ்பிரஸ் எப்படி ஓடும்? கும்பகர்ணனைத் தூங்குமூஞ்சி என்று கேலி செய்கிறோம். அந்த உடம்புக்கு அவன் ஆறு மாதமும் சரியாகவே தூங்கவில்லையோ என்னவோ!

இதில் ஒரு விஷச் சக்கரமும் உண்டு. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. பகலெல்லாம் அசதி, நடக்க மனம் வராது. நாலு மணிக்குக் காபியோடு கைநிறைய மிக்சர். எடை ஏறும், தூக்கம் இன்னும் கெடும்.

ரயில்வேக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2013 டிசம்பர் 1-ஆம் தேதி காலை, நியூயார்க்கில் ஸ்பைட்டன் டைவில் என்ற இடத்தில், மணிக்கு 30 மைலில் போக வேண்டிய வளைவில் பயணிகள் ரயில் ஒன்று 82 மைல் வேகத்தில் பாய்ந்து தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் தூங்கிவிட்டார், அவருக்குத் தீவிரத் தூக்க மூச்சடைப்பு இருந்தது, அது அதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. இன்ஜின் ஓட்டும் என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கனத்த உடம்பு, பெரிய குறட்டை. "வெளியே சொன்னா இன்ஜினை விட்டு இறக்கிடுவாங்க சார். மைலேஜ் போயிடும். பொண்ணு கல்யாணம் இருக்கு" என்றார். கோபம் வந்தது, ஆனால் என் ஸ்கூட்டரும் நினைவுக்கு வந்தது. ஐந்து மாதம் விடாமல் போன் செய்தேன். கடைசியில் சோதனைக்குப் போனார். அவருக்கும் கருவி கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கருவியின் பெயர் சீபேப். 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் இந்த முறையை முதலில் வெளியிட்டார். மூக்கில் முகமூடி மாட்டி, காற்றை லேசான அழுத்தத்தில் உள்ளே செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. வாக்குவம் பிரேக்கிலிருந்து ஏர் பிரேக்குக்கு மாறியதைப் போலத்தான்! எனக்கு வைத்த அழுத்தம் 10 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். ரயிலின் பிரேக் பைப்பில் இதைப் போல 500 மடங்கு இருக்கும். முதல் வாரம் யானைத் தும்பிக்கை மாட்டியதுபோல இருந்தது. பத்தாம் நாள், பல வருடங்களில் முதல் தடவையாக, கனவு கண்டது நினைவிருந்தது.

கருவி அடைப்பைத் திறக்குமே தவிர கொழுப்பைக் கரைக்காது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 690 பேரை நான்கு வருடம் கவனித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எடை 10 சதவீதம் கூடினால் மூச்சுத் தடை சுமார் 32 சதவீதம் கூடுகிறது, 10 சதவீதம் குறைந்தால் சுமார் 26 சதவீதம் குறைகிறது. எடை குறைக்கும் ஊசி மருந்தான டிர்செபடைடை, பருமனோடு இந்த நோயும் உள்ளவர்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்தது. நான் ஊசிக்குப் போகவில்லை. இரவுச் சோற்றைப் பாதியாக்கி, ஏழரைக்குள் முடித்து, காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். நன்றாகத் தூங்கியதால் நடக்க முடிந்தது என்பதுதான் உண்மை. பதினான்கு மாதத்தில் ஒன்பதரைக் கிலோ இறங்கியது. கருவியில்லாமல் மறுபடி சோதித்தபோது 41 என்பது 29 ஆகியிருந்தது. கருவியை விட அது போதாது. ஒல்லியானவருக்கும் தாடை அமைப்பால் இது வரலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். பலர் வெறும் அசதி என்று விட்டுவிடுகிறார்கள். தூக்க மாத்திரையும் மதுவும் தொண்டையை இன்னும் தளர்த்துபவை. பக்கவாட்டில் படுப்பது பலருக்கு உதவுகிறது.

எங்கள் பகுதியில் கோடையில் நள்ளிரவில் கரண்ட் போகும். கருவி நின்றதும் எனக்கு விழிப்பு வருவதற்குள் மனைவி எழுந்து உட்கார்ந்திருப்பாள். "எத்தனை எண்ணினே?" என்று கேட்பேன். சென்ற மாதம் இன்வெர்ட்டர் வாங்கி அந்த அறைக்குத் தனி லைன் இழுத்துவிட்டேன்.