தீம் மாற்றும் முன் பேக்கப் டிரைவைக் கழற்றுங்கள்

2024 மார்ச்சில் லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப் பயன்படுத்தும் ஒருவர், சிஸ்டம் செட்டிங்ஸ் வழியாகவே கிடைக்கும் 'குளோபல் தீம்' ஒன்றை நிறுவினார். நடுவில் ரூட் பாஸ்வேர்ட் கேட்டதும் சந்தேகப்பட்டு கேன்சல் கொடுத்தார். அதற்குள் சொந்தக் கோப்புகள் எல்லாம் போய்விட்டன. கணினியோடு இணைந்திருந்த மற்ற டிரைவ்களும் காலி. தீமோடு வந்த நிரல், 'ஆர்எம்' என்ற அழிப்புக் கட்டளையை ஓட்டக்கூடாத இடத்தில் ஓட்டியிருந்தது. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, அது பிழைதான் என்று கேடிஇ உருவாக்குநர் டேவிட் எட்மண்ட்சன் பிறகு விளக்கினார்.

லினக்ஸில் பாஸ்வேர்ட் கேட்காதவரை ஆபத்தில்லை என்று பலரும் நம்புகிறோம். பாஸ்வேர்ட் காப்பது சிஸ்டத்தை. உங்கள் கல்யாண போட்டோவும் கணக்கு வழக்கும் இருக்கும் ஹோம் ஃபோல்டரை அழிக்க உங்கள் அனுமதியே போதும். நீங்கள் நிறுவும் தீம் அந்த அனுமதியோடுதான் ஓடுகிறது.

எல்லாத் தீமும் அப்படியல்ல. வால்பேப்பர் படம், வண்ணத் தொகுப்பு, ஐகான் போன்றவை வெறும் தரவு, பயமில்லை. குளோபல் தீம், விட்ஜெட், சாளரங்களைக் கையாளும் க்வின் ஸ்கிரிப்ட் ஆகியவை நிரல்கள். தீம்கள் கிடைக்கும் இணையக் கடையில் எல்லாம் ஒரே மாதிரி அழகான படத்தோடு அடுக்கியிருப்பதுதான் சிக்கல். இன்னொரு டெஸ்க்டாப்பான க்னோமின் எக்ஸ்டென்ஷன்களை அதிகாரபூர்வத் தளத்தில் வெளியிடும் முன் தன்னார்வலர்கள் பார்வையிடுகிறார்கள். அது ஓரளவு ஆறுதல். ஆனால் 2009 டிசம்பரில், க்னோம் தோற்றப் பொருள்கள் பகிரப்படும் ஒரு தளத்தில் ஸ்கிரீன்சேவர் என்ற பெயரில் தீநிரலே வந்தது. அந்த டெப் பேக்கேஜை நிறுவப் பாஸ்வேர்ட் கொடுத்தவர்களின் கணினி, வேறொரு தளத்தைத் தாக்கும் அடியாளாக மாறியது.

இழப்பீடு கேட்கலாமா? ஜிபிஎல் போன்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் நிரலைப் பார்க்க, திருத்த, பகிர உங்களுக்கு உரிமை தருகிறது. அதே ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் 15, 16ஆம் பிரிவுகள், உத்தரவாதமும் இல்லை, நஷ்டத்துக்குப் பொறுப்பும் இல்லை என்று கையை விரித்துவிடுகின்றன. காசு கொடுக்காமல் இறக்கியதற்கு நுகர்வோர் நீதிமன்றம் போவதும் கடினம். வேண்டுமென்றே நச்சுநிரல் புகுத்தியிருந்தால் கதை வேறு: இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66ஆம் பிரிவுகள் இருக்கின்றன, சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாம். மற்றபடி உங்கள் காவல் உங்கள் கையில்தான்.

பெரும்பாலும் நேர்வது இவ்வளவு மோசமான விபத்தல்ல. பேனல் காணாமல் போகும், அல்லது லாகின் செய்ததும் திரை கறுப்பாக நிற்கும். உடனே யாராவது "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அதில் லாகின் செய்து புதுப் பயனர் ஒருவரை உருவாக்கி, அந்தக் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே திரை ஒழுங்காக வந்தால் சிஸ்டம் நன்றாகவே இருக்கிறது, கோளாறு உங்கள் செட்டிங்ஸில் மட்டும். ஹோமுக்குள் புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டர் மறைந்திருக்கும். அதில் பிளாஸ்மா என்று தொடங்கி 'ஆப்லெட்ஸ்ஆர்சி' என்று முடியும் கோப்பில்தான் பேனலின் அமைப்பு இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம், பெயரை மாற்றுங்கள். மறுபடி லாகின் செய்தால் பிளாஸ்மா புதிய பேனலைத் தானே போட்டுக்கொள்ளும். பழையது வேண்டுமென்றால் பெயரைத் திருப்பி வைத்தால் போயிற்று.

சொந்தக் கோப்புகளே அழிந்திருந்தால் கணினியை உடனே அணையுங்கள். அந்த டிஸ்க்கில் மேலும் எழுத விடாமல், லைவ் யுஎஸ்பியில் இயக்கி 'ஃபோட்டோரெக்' என்ற கோப்பு மீட்புக் கருவியை ஓட்டிப் பார்க்கலாம். எஸ்எஸ்டி என்றால் பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள்.

சிஸ்டத்தைப் பேக்கப் எடுக்கும் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று: இயல்பு அமைப்பில் அது ஹோம் ஃபோல்டரைச் சேமிப்பதில்லை. சொந்தக் கோப்புகளைத் தனியாக வெளி டிரைவில் எடுத்து வையுங்கள். தீம் நிறுவும் முன் அந்த டிரைவைக் கழற்றிவிடுங்கள்.