விமானப் புகைக்கு யார் கணக்கு எழுதுவது?

சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போனால் ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலிக்குப் போனால் அதில் கால் பங்குகூட இல்லை. ஆனால் டெல்லி விமானம் விடும் கரியமில வாயு இந்தியாவின் கணக்கில் ஏறும். பலாலிக்குப் பறக்கும் சின்ன ஏடிஆர் விமானத்தின் வாயு இந்தியாவின் மொத்தத்திலும் சேராது, இலங்கையின் மொத்தத்திலும் சேராது. ஒரு நாட்டில் கிளம்பி இன்னொரு நாட்டில் இறங்கும் எல்லா விமானங்களுக்கும் இதுதான் கதி.

இது யாரோ கவனிக்காமல் விட்ட ஓட்டை அல்ல. தெரிந்தேதான் விட்டார்கள். இரண்டு நாடுகளுக்கு நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத கடலுக்கு மேலே, மூன்றாவது நாட்டு நிறுவனத்தின் விமானம் எரிக்கும் எண்ணெயை யார் தலையில் கட்டுவது? கிளம்பிய நாடா, இறங்கிய நாடா, எண்ணெய் விற்ற நாடா, நிறுவனம் பதிவாகியுள்ள நாடா? பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் இதற்கு விடை கிடைக்கவில்லை. 1997-இல் கியோட்டோ நெறிமுறை எழுதியபோது, வளர்ந்த நாடுகள் இதை மாண்ட்ரியலில் இருக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐசிஏஓ) வழியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டார்கள். நாடுகள் ஐ.நா.வுக்கு அனுப்பும் உமிழ்வு அறிக்கைகளில் சர்வதேச விமானப் பயணங்களுக்கு விற்ற எரிபொருள் ஒரு தனி வரியாக இருக்கும். ஆனால் கூட்டுத்தொகையில் அது சேராது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் விமானப் போக்குவரத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

அப்படி ஒதுக்கப்பட்டது சின்னத் தொகையும் இல்லை. கொரோனாவுக்கு முந்தைய 2019-இல் சர்வதேச விமானங்கள் மட்டும் விட்ட கரியமில வாயு சுமார் 60 கோடி டன். உள்நாட்டு விமானங்களையும் சேர்த்தால், உலகின் மொத்தக் கரியமில வாயுவில் இந்தத் துறையின் பங்கு இரண்டரை சதவீதத்தை ஒட்டி வரும்.

முதலில் பொறுமை இழந்தது ஐரோப்பா. தன் விமான நிலையங்களில் கிளம்பும், இறங்கும் எல்லா விமானங்களும் முழுப் பயணத் தூரத்துக்கும் உமிழ்வுக் கணக்குக் கொடுத்து, அதற்கான அனுமதிச் சீட்டுகளையும் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டு, 2012 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தது. டெல்லியிலிருந்து லண்டன் போகும் விமானம் ராஜஸ்தானுக்கு மேலே எரித்த எண்ணெய்க்கும் ஐரோப்பாவுக்குக் கப்பமா என்று இந்தியா கொதித்தது. அமெரிக்கா, சீனா, ரஷ்யா எல்லாமே எதிர்த்தன. இந்தச் சண்டையில் பணம் கைமாறும் கட்டமே வரவில்லை. இந்திய அரசு தன் விமான நிறுவனங்களிடம் சொன்னது, ஐரோப்பாவுக்கு உமிழ்வுப் புள்ளிவிவரத்தையே கொடுக்காதீர்கள் என்பதுதான். அந்த ஆண்டு எட்டு சீன நிறுவனங்களும் இரண்டு இந்திய நிறுவனங்களும் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. எண்ணைக் கையில் கொடுத்துவிட்டால் பில் பின்னாலேயே வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2012 நவம்பரில் ஐரோப்பா பின்வாங்கி, வெளிநாடுகளுக்குப் போய்வரும் விமானங்களை விட்டுவிட்டு, தன் எல்லைக்குள் பறப்பவற்றோடு நிறுத்திக்கொண்டது.

அந்தச் சண்டையின் நெருக்கடியில் பிறந்ததுதான் கோர்சியா. சர்வதேச விமானங்களின் கரியமில வாயுவை ஈடுகட்டிக் குறைக்கும் இந்தத் திட்டத்தை ஐசிஏஓ 2016 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. எப்படி அளப்பது, எப்படி அறிக்கை தருவது, யார் சரிபார்ப்பது என்ற விதிகள் 2018 ஜூனில் வந்தன. 2019 ஜனவரி 1 முதல் அளவெடுப்பு நடக்கிறது. ஓராண்டில் சர்வதேசப் பயணங்களில் 10,000 டன்னுக்கு மேல் கரியமில வாயு விடும் எந்த நிறுவனமும் இதில் அடக்கம். 5,700 கிலோவுக்கு மேல் எடை கொண்ட விமானங்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மருத்துவ, மனிதாபிமான, தீயணைப்புப் பயணங்களுக்கு விலக்கு உண்டு.

விமானத்தின் பின்பக்கம் மீட்டர் எதுவும் மாட்டுவதில்லை. புகையை யாரும் அளப்பதே இல்லை. எரிபொருளைத்தான் எடை போடுகிறார்கள். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு என்பது நிலையான கணக்கு. ஒரு கிலோ எண்ணெயிலிருந்து மூன்று கிலோ வாயு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். எண்ணெயின் எடையில் ஏறத்தாழ 86 சதவீதம் கார்பன். எரியும்போது அந்தக் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. கூடுதல் எடையெல்லாம் ஆக்சிஜனுடையது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஒரு ஏ320 விமானத்தை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. அளவு நிஜத்தை ஒட்டியது. முந்தைய பயணம் முடிந்து சென்னையில் வந்து நின்றபோது டேங்கில் மீதி 3,000 கிலோ. அடுத்து 11,000 லிட்டர் நிரப்புகிறார்கள். எண்ணெய் கம்பெனிக்காரர் தரும் ரசீதில் இருப்பது லிட்டர். விமானிக்கு வேண்டியது கிலோ. அதனால் அன்றைய அடர்த்தியால் பெருக்க வேண்டும். லிட்டருக்கு 0.79 கிலோ என்றால் ஏற்றியது 8,690 கிலோ. ஆக மொத்தம் 11,690. சிங்கப்பூரில் போய் நின்றதும் டேங்கில் மீதி 2,690. எரிந்தது 9,000 கிலோ. 3.16-ஆல் பெருக்கினால் 28,440 கிலோ, அதாவது இருபத்தெட்டரை டன் கரியமில வாயு. நான்கு மணி நேரப் பயணம் ஒன்றுக்கு இவ்வளவு.

வெயிலில் எண்ணெய் விரிந்து லேசாகும். அன்றைய அடர்த்தி கையில் இல்லையென்றால் 0.8 என்ற பொது எண்ணைப் போட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. மேலே சொன்ன பயணத்தில் அப்படிப் போட்டால் எரிபொருள் 110 கிலோ கூடி, கரியமில வாயு கிட்டத்தட்ட 350 கிலோ ஏறிவிடும். ஒரு பயணத்தில் இது அற்பம். வருடம் முழுக்க ஆயிரக்கணக்கான பயணங்களில் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அற்பம் அல்ல.

எண்ணெயைக் கணக்கிட ஐந்து முறைகளை அனுமதிக்கிறார்கள். நம் ஊரில் பைக் மைலேஜ் பார்க்க டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்போமே, அதன் பெரிய வடிவம் ஒன்று. நிரப்பி முடித்ததும் டேங்கில் இருந்ததையும், அடுத்த பயணத்துக்கு நிரப்பியதையும் வைத்துக் கழித்துக் கண்டுபிடிப்பார்கள். நான் மேலே போட்டது மீதியிலிருந்து மீதி வரை பார்க்கும் இன்னொரு முறை. மூன்றாவது, விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து போய் நிற்கும் கணம் வரை மட்டும் பார்ப்பது. இதில் ஒரு நெளிவு இருக்கிறது. விமானம் நிற்கும்போது விளக்குக்கும் ஏசிக்கும் வால்பகுதியில் ஒரு துணை எஞ்சின் ஓடும். முதல் இரண்டு முறைகளில் அந்த எண்ணெயும் கணக்கில் வந்துவிடும். மூன்றாவதில் வராது. ஆண்டுக்கு ஒரு முறையாக மாற்றி விளையாட முடியாதபடி, மூன்று ஆண்டுக் காலம் முழுக்க ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும் என்கிறார்கள். சிறிய நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விமான வகையையும் தூரத்தையும் கொடுத்தால் உத்தேச உமிழ்வைச் சொல்லும் மென்பொருளை ஐசிஏஓவே தருகிறது.

இனி காகிதம். எந்த முறையில் அளக்கப்போகிறோம் என்ற திட்டத்தை நிறுவனம் முன்கூட்டியே தன் நாட்டு அரசிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இந்திய நிறுவனம் என்றால் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், டிஜிசிஏ. ஆண்டு முடிந்ததும் அறிக்கை. அதை வெளியார் ஒருவர், அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பு நிறுவனம், ரசீதுகளோடும் விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடான டெக் லாக்கோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு மொத்தத்தில் இரண்டு சதவீதம் வரைதான் பிழை பொறுக்கப்படும். ஐந்து லட்சம் டன்னும் அதற்குக் குறைவும் உள்ளவர்களுக்கு ஐந்து சதவீதம். ஒரே ஆய்வுக்குழுத் தலைவர் ஒரே நிறுவனத்தை ஆறு ஆண்டு பார்த்துவிட்டால் அடுத்த மூன்று ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். மே 31-க்குள் அறிக்கை அரசுக்கு, ஜூலை 31-க்குள் அரசிடமிருந்து மாண்ட்ரியலுக்கு. பதிவேடுகளைப் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். சரிபார்ப்பவருக்குக் கட்டணம் தருவது சரிபார்க்கப்படும் நிறுவனமே. கம்பெனித் தணிக்கையிலும் அப்படித்தான் என்பார்கள். அங்கே என்னென்ன நடந்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

ஆனாலும் இந்த அளவெடுப்பு, இத்துறையில் நடந்த உருப்படியான காரியம் என்றே எனக்குப் படுகிறது. எண்ணெய் விமான நிறுவனத்தின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று. பாதுகாப்புக்காகவும் அதை ஒவ்வொரு பயணத்திலும் அளந்தே தீர வேண்டும். பொய் சொல்ல வாய்ப்பு குறைவான எண் இது. கேள்வி எழுவது, அந்த எண்ணை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான்.

கோர்சியாவில் ஒரு நிறுவனம் தன் முழு உமிழ்வுக்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. உலக அளவில் துறையின் உமிழ்வு ஓர் அடிப்படை அளவைத் தாண்டி எவ்வளவு வளர்ந்ததோ, அந்த விகிதத்துக்கு மட்டும் கார்பன் கிரெடிட், அதாவது வேறெங்கோ குறைக்கப்பட்ட உமிழ்வுக்கான சான்று, வாங்கி ஈடுகட்டினால் போதும். 2019, 2020 இரண்டின் சராசரிதான் அடிப்படை என்று முதலில் பேசியிருந்தார்கள். 2020-இல் விமானங்கள் தரையில் கிடந்ததால் சராசரி படுத்துவிட்டது. அப்படியே விட்டிருந்தால் நிறுவனங்கள் ஏராளமாக ஈடுகட்ட வேண்டியிருந்திருக்கும். ஐசிஏஓ அடிப்படையை 2019 மட்டும் என்று மாற்றியது. விளைவு, 2021, 2022, 2023 மூன்று ஆண்டுகளுக்கும் வளர்ச்சி விகிதம் பூஜ்யம். யாரும் ஒரு டன்னுக்குக்கூட ஈடுகட்ட வேண்டியிருக்கவில்லை. 2024 முதல் அடிப்படையை 2019 அளவில் 85 சதவீதமாக இறக்கியதும்தான் முதன்முறையாகக் கணக்கு பூஜ்யத்தைத் தாண்டியது. 2024 முதல் 2026 வரையிலான கடனைத் தீர்க்க நிறுவனங்களுக்கு 2028 ஜனவரி 31 வரை அவகாசம் இருக்கிறது.

இன்னொரு சலுகையும் உண்டு. ஈடுகட்டும் கடமை வழித்தடத்தைப் பொறுத்தது. இரண்டு முனையிலுள்ள நாடுகளும் திட்டத்தில் சேர்ந்திருந்தால்தான் அந்தத் தடம் கணக்குக்கு வரும். 2024-இல் சேர்ந்திருந்தவை 126 நாடுகள். 2026 வரை சேர்வது அவரவர் விருப்பம். சிங்கப்பூர் தொடக்கத்திலேயே சேர்ந்துவிட்டது. இந்தியாவும் சீனாவும் விருப்பக் கட்டத்தில் சேரவில்லை. அதனால் சென்னை - சிங்கப்பூர் விமானத்தின் இருபத்தெட்டரை டன், எந்த நாட்டு நிறுவனம் ஓட்டினாலும், அறிக்கையில் எழுதப்படும்; ஆனால் ஈடுகட்ட வேண்டியதில்லை. 2027-இல் கட்டாயக் கட்டம் தொடங்கும்போது இந்தியா உள்ளே வரும். ஏர் இந்தியா 2023-இல் 470 விமானங்களுக்கும், அதே ஆண்டில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்திருக்கும் நிலையில் அது வேறு கணக்கு. 2032 வரை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த வளர்ச்சிக்கு அல்ல, துறை முழுவதன் வளர்ச்சிக்கே பொறுப்பு என்பதால், வேகமாக வளரும் நிறுவனங்களுக்கு இந்தச் சூத்திரம் சாதகம். வளர்ந்து ஓய்ந்த ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அது கசக்கிறது. வளர்ச்சியை முன்பே முடித்துக்கொண்டவர்கள் அதற்கான சுமையையும் ஏற்கட்டும் என்பது இந்தியத் தரப்பின் பழைய வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

டிக்கெட் எடுக்கும் இணையதளங்களில் உங்கள் பயணத்துக்கு இத்தனை கிலோ என்று காட்டுகிறார்களே, அது இந்தப் பதிவேட்டிலிருந்து வருவதா? இல்லை. கோர்சியா அறிக்கையில் பயணி என்ற பேச்சே கிடையாது. நிறுவனம், கிளம்பும் நாடும் இறங்கும் நாடும் சேர்ந்த இணை, எரிபொருள் வகை, டன் அளவு, அவ்வளவுதான். தளங்கள் காட்டுவது தூரம், விமான வகை, எத்தனை இருக்கை நிரம்பும், வயிற்றுப் பகுதியில் எவ்வளவு சரக்கு, பிசினஸ் வகுப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை யூகித்துப் போடும் மதிப்பீடு. அதனால்தான் ஒரே விமானத்துக்கு இரண்டு தளங்கள் இரண்டு எண் காட்டுகின்றன. உண்மையான எரிபொருள் எண் நிறுவனத்திடம் இருக்கிறது, அரசிடம் இருக்கிறது, மாண்ட்ரியலிலும் இருக்கிறது. பொதுமக்களுக்குக் கிடைப்பது கூட்டுத்தொகைகள். வணிக ரகசியம் என்று கேட்டுக்கொண்டால் அதையும் மறைக்க வழி இருக்கிறது.

எரிபொருளை எடை போட்டுக் கண்டுபிடிக்க முடியாத ஒன்றும் மிச்சம் இருக்கிறது. உயரத்தில் பறக்கும் விமானத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. குளிர்ந்த, ஈரமான காற்றில் அவை மணிக்கணக்கில் கலையாமல் படர்ந்து, பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கின்றன. இவற்றையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்தால், விமானங்களால் வரும் வெப்பமேற்றத்தில் பாதிக்கு மேல் கரியமில வாயு அல்லாதவற்றால்தான் என்று 2021-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு மதிப்பிட்டது. அதில் நிச்சயமின்மை மிக அதிகம் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. கோர்சியா இதைத் தொடவே இல்லை. ஐரோப்பா மட்டும் 2025 ஜனவரியிலிருந்து தன் எல்லைக்குள் பறக்கும் விமானங்களிடம் பறந்த பாதை, உயரம், எரிபொருளின் தன்மை, அன்றைய வானிலை ஆகியவற்றைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. வெளிநாடுகளுக்குப் போய்வரும் விமானங்களும் 2027 முதல் இதைத் தர வேண்டும் என்பது சட்டம். பணம் கட்டச் சொல்லவில்லை, புள்ளிவிவரம் மட்டும்தான். அதற்கே உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐஏடிஏ எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறது. அறிவியல் இன்னும் முதிரவில்லை, விருப்பமுள்ளவர்கள் தரட்டும், வெளிநாட்டு விமானங்களை ஐரோப்பிய சட்டம் கட்டுப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் தரப்பு.