கல்லாவில் கண் அயரலாமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று நம் டெல்டாவின் எந்தக் கடைத்தெருவில் வேண்டுமானாலும் பிற்பகல் இரண்டரை மணிக்கு நின்று பாருங்கள். பாதிக் கடைகளில் ஷட்டர் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். திறந்திருக்கும் கடையில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிக் கொண்டிருப்பார். உள்ளே மூட்டை அடுக்கின் மேல் கடைப் பையன் சுருண்டிருப்பான். யாராவது க்யூஆர் அட்டையில் பணம் போட்டால், ஒலிப்பெட்டி கூவித்தான் இருவரையும் எழுப்ப வேண்டும்.

இது பற்றி நம்மவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. "பகலில் படுத்தால் லட்சுமி போய்விடுவாள்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒரு கட்சி. "பெரிய கோயிலிலேயே நண்பகலில் நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள், நாம் திறந்து வைத்து யாருக்கு விற்கப் போகிறோம்?" என்பது இன்னொரு கட்சி. நாம் இரண்டாவது கட்சிதான். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் நமது இரவைப் பார்ப்போம். விடியற்காலை நான்கு, நாலரைக்கு எழுந்தால்தான் லாரி ஷெட்டில் வந்து இறங்கிய சரக்கைப் பார்க்க முடியும். காய்கறியும் சேர்த்து விற்பவர்கள் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போக நள்ளிரவிலேயே வண்டி எடுக்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கடை சாத்தி, கல்லா எண்ணி, கடன் நோட்டில் வரவு வைத்து, சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகிறது. மாதத்தில் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி கணக்கு வேறு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சம்பா அறுவடை முடிந்து கிராமத்தில் பணம் புழங்கும் மாசி, பங்குனியிலும் அப்படித்தான். வளர்ந்த மனிதனுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. நமக்குக் கிடைப்பதோ ஐந்து. ஆகவே பிற்பகலில் கண் சொருகுவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம். அது பாக்கி வசூல்.

உண்ட மயக்கம் மட்டுமா?

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். அதில் பாதி உண்மை. பிற்பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை விழிப்பு மந்தப்படுவது நம் உடலின் கடிகாரத்திலேயே உள்ள ஏற்பாடு. பட்டினி கிடந்தாலும் அந்த நேரத்தில் ஒரு சரிவு வரும். அதன்மேல் நம் ஊர்ச் சாப்பாடும் சேர்ந்து கொள்கிறது. பாலிஷ் செய்த பொன்னி அரிசிச் சோறு, சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை இலையில் விழுகிறது. மாவுச்சத்து அதிகமாகச் சேர்ந்தால் சரிவு ஆழமாகிறது. அரிசி விற்கும் நாமே அரிசியைக் குறைக்கச் சொல்வதா என்று கேட்கலாம். விற்பது வேறு, விழுங்குவது வேறு. கூட்டையும் பொரியலையும் முதலில் சாப்பிட்டு, ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துப் பாருங்கள். மூன்று மணிக்கு வித்தியாசம் தெரியும்.

சென்னையில் நடந்த சோதனை

பகல் தூக்கம் வேலைக்கு உதவுமா, கெடுக்குமா என்று நம் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குக் கணினியில் விவரம் பதிவு செய்யும் வேலையை ஒரு மாதத்துக்குக் கொடுத்து, கையில் கடிகாரம் போன்ற கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் செய்த இந்தச் சோதனையின் முடிவு 2021ல் வெளியாயிற்று.

அதில் தெரிந்த முதல் செய்தியே நம்மைச் சிந்திக்க வைப்பது. இரவில் அவர்கள் பாயில் கிடந்தது 8 மணி நேரம். உண்மையில் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். வெக்கை, கொசு, இரைச்சல் என்று மற்ற நேரமெல்லாம் புரண்டு படுத்ததில் போயிற்று. சிலருக்குத் தலையணை, கண் மறைப்பு, மின்விசிறி முதலியன கொடுத்து இரவுத் தூக்கத்தை ஏறத்தாழ அரை மணி கூட்டினார்கள். அந்த ஒரு மாதத்தில் வேலையிலோ கூலியிலோ அதனால் உயர்வு எதுவும் தெரியவில்லை. ஆனால் பிற்பகலில் அலுவலகத்திலேயே அமைதியான இடத்தில் அரை மணி தூங்க விட்டவர்களுக்குக் கவனம் கூடியது, மனம் தெளிந்தது, ஒரு மணி நேரத்தில் செய்த வேலையின் அளவும் சற்றே உயர்ந்தது.

வியாபாரிக்கு வேண்டிய கணக்கு இனிமேல்தான். தூங்கிய அரை மணி வேலை நேரத்தில் குறைகிறதல்லவா? அந்த நேரத்தையும் விடாமல் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், தூங்கியவர்களின் மொத்தச் சம்பாத்தியம் குறைவுதான். சும்மா உட்கார்ந்து ஓய்வெடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தூங்கியவர்களே மேல். இதை நம் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். கத்திரி வெயிலில் இரண்டு மணிக்கு மேல் தெருவில் ஈ, காக்காய் இல்லை. அந்த நேரத்தில் திறந்து வைத்தாலும் கல்லாவில் விழுவது ஒன்றுமில்லை. நாம் வேலையை விட்டுத் தூங்கவில்லை; சும்மா உட்காரும் நேரத்தில் தூங்குகிறோம். ஆகவே நமக்கு நஷ்டமில்லை. பேருந்து நிலையத்தருகே, பள்ளிக்கூடத்தருகே கடை வைத்திருப்பவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்கள் முறை வைத்துத்தான் தூங்க வேண்டும்.

1990களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் நெடுந்தூர விமானிகளிடம் இதைச் சோதித்தது. முறை வைத்து 40 நிமிடம் ஓய்வு கொடுத்ததில் விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். வேலைத்திறன் 34 சதவீதமும் விழிப்பு 54 சதவீதமும் கூடியதாக அறிக்கை சொல்கிறது. விமானம் ஓட்டுகிறவரே தூங்கலாம் என்றால் பருப்பு நிறுப்பவர் தூங்குவதில் தவறென்ன?

அரை மணிக்கு மேல் போனால்

இப்போது நிபந்தனைக்கு வருவோம். தூங்க ஆரம்பித்து அரை மணி தாண்டினால் மூளை ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்குகிறது. அதன் நடுவில் எழுப்பினால் ஆள் எழுவார், மூளை எழாது. தலை கனக்கும், எரிச்சல் வரும், அரை மணி வரைக்கும் மந்தமாகவே இருக்கும். நூறு ரூபாய் நோட்டுக்கு ஐந்நூறுக்குரிய பாக்கியைக் கொடுப்பதும், கடன் நோட்டில் ஒருவர் பற்றை இன்னொருவர் பெயரில் எழுதுவதும் இந்த நேரத்தில்தான். இரண்டு மணி நேரம் தூங்கியவருக்கு இரவு பன்னிரண்டானாலும் தூக்கம் வராது. காலையில் நாலரைக்கு எழுந்தாக வேண்டும். மறுநாள் பகல் தூக்கம் இன்னும் நீளும். கடனை அடைக்கக் கடன் வாங்குகிற கதை.

உடல்நலத்திலும் அப்படியே. கிரேக்க நாட்டில் 23,681 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2007ல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் மூன்று நாளாவது பகலில் தூங்கியவர்களிடையே இதய நோய்ச் சாவு 37 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அதிலும் வேலைக்குப் போகும் ஆண்களிடம் இது நன்றாகத் தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 3,462 பேரைக் கவனித்த 2019ஆம் ஆண்டு ஆய்வோ, வாரம் ஓரிரு நாள் தூங்கியவர்களுக்கு மட்டுமே மாரடைப்பும் பக்கவாதமும் குறைவு, தினமும் தூங்கியவர்களுக்கு அந்த லாபம் இல்லை என்றது. ஜப்பானிய ஆய்வாளர்கள் பல நாடுகளின் ஆய்வுகளிலிருந்து 3 லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். தினம் ஒரு மணிக்கு மேல் பகலில் தூங்குவோரிடம் நீரிழிவு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். 40 நிமிடத்துக்குள் முடித்துக் கொள்வோரிடம் அந்த வேறுபாடு இல்லை.

இதனால் தூக்கமே நோயைத் தருகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நோய் உள்ளே புகுந்ததாலேயே அசதி வந்து நீளத் தூங்குபவர்களும் இதில் உண்டு. ஆனால் நமக்கு இரண்டும் ஒன்றே. முன்பெல்லாம் இருபது நிமிடத்தில் எழுந்தவர் இப்போது ஒன்றரை மணி நேரம் எழ முடியவில்லை என்றால், அது ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டிய அறிகுறி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளது. நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை செய்யும் நம் தொழில் அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் தொழில்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வியாபார அவசரத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டு, "அப்புறம் சாப்பிடலாம்" என்று அப்படியே சாய்ந்துவிடாதீர்கள். சில வகை மாத்திரைகளில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். தூக்கத்தில் அது தெரியாது. வியர்த்து, நடுங்கி விழித்தால் உடனே ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள்.

நம் சித்த மருத்துவ மரபில் தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி பகல் தூக்கத்தை வேண்டாம் என்கிறது. ஆயுர்வேதத்தின் சரகரோ கோடைக் காலத்தில் தூங்கலாம் என்றும், முதியவர், நோயாளி, பாரம் சுமந்து களைத்தவர், இரவில் கண் விழித்தவர் ஆகியோருக்கு எப்போதும் தடையில்லை என்றும் விலக்கு அளிக்கிறார். இந்தப் பட்டியலைப் பார்த்தால் அது மார்க்கெட் சுமைத் தொழிலாளிக்கும் மளிகைக்காரருக்கும் என்றே எழுதியது போலிருக்கிறது!

செய்முறை

சாப்பிட்ட கையோடு படுத்தால் நெஞ்செரிச்சல் வரும். தெருக்கோடி வரை ஒரு நடை போய் வந்து, கால் மணி கழித்துச் சாயுங்கள். இடப்புறம் ஒருக்களித்துப் படுப்பது எதுக்களிப்பைக் குறைக்கும். கல்லா நாற்காலியில் தலையைத் தொங்கவிட்டுத் தூங்குவது கழுத்துக்குக் கேடு. ஒரு பாயும் மின்விசிறியும் போதும். மூன்று மணிக்குள் எழுந்துவிடும்படி கைபேசியில் 25 நிமிடத்துக்கு மணி வையுங்கள். வயதானவர்கள் எழுந்தவுடன் நிற்காமல், ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து பிறகு எழுவது நல்லது. தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆறு மாத வியாபாரம் போயிற்று.

காப்பிப் பிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தி. காப்பி குடித்த பின் அது மூளையில் வேலை செய்ய இருபது நிமிடமாவது ஆகும். ஆகவே படுக்குமுன் ஒரு டிகிரி காப்பி குடித்துவிட்டுக் கால் மணி கண் மூடினால், எழும்போது இரண்டின் பலனும் ஒன்றாகக் கிடைக்கும். இங்கிலாந்தின் லவ்பரோ பல்கலைக்கழகத்தில் 1990களிலேயே தூக்கம் குறைந்த வாகன ஓட்டிகளிடம் இதைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். சரக்கு எடுக்கத் தாமே வேன் ஓட்டிப் போகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். தூக்கக் கலக்க விபத்துகள் கூடுதலாக நடப்பது பின்னிரவு இரண்டிலிருந்து ஆறு வரையும், பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரையும். திருச்சி சாலையில் கண் சொருகினால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதால் பயனில்லை. ஓரமாக நிறுத்திக் கால் மணி தூங்குவதே வழி.

இரவு உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவர்களுக்குப் பகலில் எவ்வளவு தூங்கினாலும் அசதி தீராது. அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். ரத்தக் கொதிப்பையும் கூட்டும். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் அவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள். காது மூக்குத் தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள்.

பையன்களுக்கும் உண்டு

முதலாளி தூங்க, பையன் நின்றுகொண்டே காவல் காப்பது பல கடைகளில் வழக்கம். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குமுன் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும். 2021ல் வந்த திருத்தத்தின்படி ஊழியர் உட்கார இருக்கையும் போட வேண்டும். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், காலை ஆறு மணியிலிருந்து மூட்டை தூக்குகிறவருக்கு நம்மைவிடத் தூக்கம் அதிகம் தேவை. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஒன்றரைக்கும் மற்றவர் இரண்டரைக்கும் என்று முறை வைத்துக் கொள்ளலாம்.

அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்பதையும் முதலாளி ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். மிளகாய் மூட்டைக்கும் பூச்சி மருந்துக்கும் பக்கத்தில் படுக்க விடக் கூடாது. நெல், அரிசி மண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வண்டு விழாமலிருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பாஸ்பீன் என்ற விஷ வாயுவை வெளிவிடும். தூங்குகிறவரை அது எழுப்பாமலே கொன்றுவிடும். வாடையை நம்பி இருக்க முடியாது. அதை அங்கீகாரம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்தான் வைக்க வேண்டும். வைத்த கிடங்கிலும், அதோடு சுவரோ கதவிடுக்கோ பொதுவாக உள்ள அறையிலும், அவர் வந்து காற்றோட்டம் விட்டுச் சரி என்று சொல்லும் வரை ஐந்து நிமிடம்கூட யாரும் தலை சாய்க்கக் கூடாது. கிடங்குச் சாவியை அந்த நாட்களில் முதலாளியே இடுப்பில் வைத்துக் கொள்வது நல்லது.